அழத் தெரிந்த குழந்தை

தென்சீனாவின் குவாங்சோ நகரில், முத்து ஆற்றை ஒட்டி ஷாமியான் என்றொரு சின்னத் தீவு. அங்கே 1983இல் திறக்கப்பட்ட ஒயிட் ஸ்வான் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் 1990களிலும் 2000களிலும் குழந்தைகளின் தள்ளுவண்டிகள் வரிசைகட்டி நிற்கும். வண்டிக்குள் சீனக் குழந்தைகள். தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். சீனாவில் எந்த மாகாணத்திலிருந்து குழந்தையைத் தத்தெடுத்தாலும், குவாங்சோவிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் குழந்தைக்குக் குடியேற்ற விசா வாங்கிய பிறகே அமெரிக்கக் குடும்பம் நாடு திரும்ப முடிந்தது. அந்தத் தூதரகம் நெடுங்காலம் ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இப்படி வந்து தங்குகிறவர்களுக்கென்றே மட்டேல் நிறுவனம் ஒரு பார்பி பொம்மையைச் செய்து கொடுத்தது. பொன்னிறக் கூந்தல் பார்பியின் கையில் ஒரு சீனக் குழந்தை. பொம்மையின் பெயர் ‘கோயிங் ஹோம் பார்பி’.

வீட்டுக்குப் போவது பார்பிதான். கையிலிருக்கும் குழந்தைக்கோ, தான் அறிந்த ஒரே வீட்டைவிட்டு வந்து சில நாள்தான் ஆகியிருக்கும்.

சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் 1992இல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் போயிருக்கிறார்கள். அதில் ஏறத்தாழ பாதிப்பேர், 82,000க்கு மேல், அமெரிக்காவுக்கு. 2005ஆம் ஆண்டில் மட்டும் 7,900 பேர். ஒரு குழந்தைக் கொள்கை நடப்பிலிருந்த காலத்தில் கைவிடப்பட்ட பெண் குழந்தைகளே தொடக்கத்தில் அதிகம். பிற்காலத்தில் பிளவுபட்ட உதடு, இதயக் கோளாறு போன்ற உடற்குறைகளோடு பிறந்த ஆண் பெண் குழந்தைகள். 2024 செப்டம்பரில் சீன அரசு இந்த வாசலை மூடியது. முப்பதாண்டுக் காலம் இவ்வளவு பெரிய அளவில், ஏறக்குறைய ஒரே முறையில் நடந்த பயணம் இது. தத்தெடுத்த குழந்தை புதிய பெற்றோரோடு முதல் இரண்டு வாரத்தில் எப்படி ஒட்டுகிறது, அல்லது ஒட்டாமல் போகிறது என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான களம் கிடைக்காது.

பயணத்தின் வரிசையைப் பாருங்கள். பெற்றோர் பெய்ஜிங்கிலோ ஹாங்காங்கிலோ இறங்குவார்கள். பிறகு குழந்தையின் மாகாணத் தலைநகர்: ஹுனான் என்றால் சாங்ஷா, ஜியாங்சி என்றால் நான்சாங். வழக்கமாக ஒரு திங்கட்கிழமை, குடிமக்கள் நலத்துறை அலுவலகத்தின் ஒரு கூடத்திலோ ஹோட்டல் அறையிலோ, குழந்தைகள் இல்லத்து ஆயா குழந்தையைக் கொண்டுவந்து கொடுப்பார். கொடுத்து முடிக்கப் பத்து இருபது நிமிடம். அன்றிரவு குழந்தை பெற்றோரோடு தங்கும். மறுநாள் காலை பதிவு, கைரேகை, கையெழுத்து. சட்டப்படி அது அவர்கள் பிள்ளை. பிறகு சீனப் பாஸ்போர்ட்டுக்காகச் சில நாள் காத்திருப்பு. குவாங்சோவில் மருத்துவப் பரிசோதனை, விசா. அப்புறம் பசிபிக்கைத் தாண்டி ஒரு நீண்ட விமானப் பயணம்.

இந்த அட்டவணையில் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு தாளுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. குழந்தை பழகுவதற்கென்று ஒரு நாளும் இருக்கவில்லை. பழகுவது தாள்களுக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில், ஹோட்டல் அறையில், பெற்றோர் தாங்களாகவே செய்துகொள்ள வேண்டிய வேலையாக விடப்பட்டிருந்தது.

குழந்தையின் கணக்கில் அந்தத் திங்கட்கிழமை எப்படி இருக்கும்? காலையில் கனத்த உடைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டு வண்டியில் ஏற்றுகிறார்கள். பல இல்லங்கள் தலைநகரிலிருந்து சில மணி நேரத் தொலைவில் இருப்பவை; வண்டியிலேயே போகாத குழந்தை வழியெல்லாம் வாந்தி எடுத்திருக்கும். வந்து சேர்ந்த இடத்தில் சத்தம், கேமரா வெளிச்சம், இதுவரை பார்த்திராத நிறத்தில் முகங்கள். பெண்களே வளர்த்த குழந்தை பல வேளைகளில் ஆண் ஒருவரைக் கிட்டத்தில் பார்ப்பதே அன்றுதான். தாடி வைத்த அப்பாக்கள் பலர் முதல் சில நாள் அறையின் மறுமூலையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டி வந்தது. எட்டு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை வேற்றுமுகம் பார்க்கிற பருவம் என்பது நம் வீட்டுப் பாட்டிகள் எல்லாருக்கும் தெரியும். சீனத் தத்தெடுப்பில் கைமாறிய குழந்தைகளில் மிகப் பலர் சரியாக அந்த வயதில்தான் இருந்தார்கள்.

சிலர் மணிக்கணக்கில் அலறினார்கள். வாசலைப் பார்த்தபடியே நின்றார்கள். ஒரு ஷூவைக் கழற்ற விடாமல் அதோடு தூங்கினார்கள். இரண்டு கையிலும் பிஸ்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தின்னவும் இல்லாமல் விடவும் இல்லாமல் இருந்தார்கள். குளிப்பாட்டும் தொட்டியைக் கண்டு மிரண்டார்கள். இன்னும் சிலர் அழவே இல்லை. யார் தூக்கினாலும் போனார்கள், கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள், தனியே விட்டால் கூரையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார்கள். அந்தப் பெற்றோருக்கு மற்றவர்கள் சொன்னது: நீங்கள் கொடுத்துவைத்தவர்கள், எவ்வளவு நல்ல குழந்தை.

இங்கேதான் ஆராய்ச்சி வேறு மாதிரி பேசுகிறது.

1952இல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு குறும்படம் எடுத்தார். அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றியது. பெற்றோரை அதிகம் அனுமதிக்காத காலம் அது. ராபர்ட்சனும் அவரோடு பணியாற்றிய ஜான் பௌல்பியும் பிரிவில் தவிக்கும் சிறு குழந்தைகளிடம் மூன்று கட்டங்களைக் கண்டார்கள். முதலில் எதிர்ப்பு: அழுகை, தேடல், யாரையும் அண்டவிடாமை. பிறகு சோர்வு: ஏங்கிப்போன குழந்தை சுருண்டு கிடப்பது. கடைசியில் விலகல்: சிரிக்கும், சாப்பிடும், விளையாடும், தாய் வந்தால்கூட முகம் திருப்பும். இந்த மூன்றாம் கட்டத்தைத்தான் செவிலியர் ‘குழந்தை பழகிவிட்டது’ என்று எண்ணியிருந்தார்கள். அந்தப் படம் மருத்துவ உலகில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஆனால் பிரிட்டனில் குழந்தைகள் வார்டுகளின் பார்வையாளர் நேரம் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒப்படைப்பு நாளில் ஆயாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்துகிற குழந்தை, தனக்கென ஒருவர் இருந்தார் என்பதையும் அவர் போவது பெரிய இழப்பு என்பதையும் தன்னால் இயன்ற ஒரே வழியில் சொல்கிறது. ஒரு முறை ஒருவரிடம் ஒட்டிய குழந்தைக்கு இன்னொருவரிடம் ஒட்டத் தெரியும். யார் வந்தாலும் போனாலும் ஒன்றுபோல இருக்கிற குழந்தைக்கு அந்த முதல் பாடமே கிடைக்காமல் போயிருக்கலாம். ஆகவே பயணத்தின் வெற்றியைக் குழந்தையின் சிரிப்பை வைத்து அளப்பது தலைகீழான அளவுகோல். தத்தெடுக்கும் பெற்றோருக்குப் புறப்படுமுன் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்ல முடியும் என்றால், இதைத்தான் சொல்ல வேண்டும்.

இதற்குச் சான்றுகள் பல திசையிலிருந்தும் கிடைக்கின்றன. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000இல் தொடங்கிய ஆய்வில், ஆறு காப்பகங்களைச் சேர்ந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய மூவர் நடத்திய அந்த ஆய்வில், இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்கு வந்த குழந்தைகளிடம் ஒட்டுதல் மிக நன்றாக வேர்பிடித்தது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் முன்னைய ஆய்வுகள் பலவற்றைத் திரட்டிப் பார்த்தபோது, ஒரு வயதுக்கு முன் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகள் பெற்றவரோடு வளரும் குழந்தைகளுக்கு இணையாகவே பெற்றோரிடம் பாதுகாப்பாக ஒட்டியிருந்தார்கள்; அதற்குப் பிறகு வந்தவர்களிடம் அந்த அளவு குறைந்தது. குறைந்தது என்றால் இல்லாமல் போயிற்று என்று பொருளில்லை. 1970களிலேயே லண்டன் காப்பகங்களிலிருந்து இரண்டு வயதுக்குமேல் தத்துப்போன குழந்தைகளைப் பின்தொடர்ந்த பார்பரா டிஸார்ட், அவர்களில் பலர் அந்நியரிடம் எல்லை மீறிய நட்போடு பழகினாலும் புதிய பெற்றோரிடம் ஆழமாக ஒட்டியிருந்ததைக் கண்டார். இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தே இருக்க முடியும். ஹோட்டல் லிஃப்டில் முன்பின் தெரியாதவரை நோக்கிக் கைநீட்டும் மகளைக் கண்டு மனமொடியும் தாய்க்கு இது ஆறுதலான தகவல்.

ஆனால் அந்த முதல் நாள்களுக்கு நேரடியாக உதவும் ஆய்வு வேறொன்று. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் மேரி டோசியரும் அவருடைய சகாக்களும், வளர்ப்புத் தாய்மாரிடம் ஒரு நாட்குறிப்பு கொடுத்தார்கள். குழந்தை கீழே விழுந்தபோது, பயந்தபோது, தனியே விடப்பட்டபோது என்ன செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தினமும் எழுத வேண்டும். ஒரு வயதுக்குள் வந்த குழந்தைகள் வெகு சீக்கிரம் புதிய தாயைத் தேட ஆரம்பித்தன. அதற்கு மூத்த குழந்தைகள் அடிபட்டாலும் அருகில் வரவில்லை. தூக்கினால் விறைத்தன, தள்ளிவிட்டன. நாட்குறிப்புகளின் முக்கியமான செய்தி இதற்குப் பிறகு வருகிறது. தள்ளிவிடும் குழந்தையிடமிருந்து தாயும் மெல்ல விலகினார். அன்பு நிறைந்த, அனுபவமுள்ள பெண்கள்கூட, ‘இவனுக்கு நான் தேவையில்லை போலிருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார்கள். குழந்தை எதிர்பார்த்ததும் அதுதான். எதிர்பார்ப்பு உறுதியாயிற்று.

இதிலிருந்து டோசியர் உருவாக்கிய பயிற்சி, வீட்டுக்கே வந்து பத்து அமர்வுகளில் நடத்தப்படுவது. அதன் அடிநாதம்: குழந்தை கேட்காவிட்டாலும் கொடு. அடிபட்டு, அழாமல் எழுந்து போகிற குழந்தையையும் அடிபட்டு அழுத குழந்தையைப்போலவே போய்த் தூக்கு. விறைத்தால் பக்கத்தில் உட்கார். திரும்பத் திரும்பச் செய். லைடனில் ஃபெமி யுஃபரும் சகாக்களும் 1980களிலிருந்து நடத்திய ஆய்வில் வேறு வழி. இலங்கை, தென்கொரியா போன்ற நாடுகளிலிருந்து கைக்குழந்தையாக வந்தவர்களைத் தாயோடு வீடியோ எடுத்து, அந்தப் பதிவைத் தாயிடமே போட்டுக் காட்டினார்கள். இதோ இந்த நொடியில் உன்னைப் பார்த்தாள், இதோ நீ சிரித்ததும் அமைதியானாள் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டியபோது, தாய்மார் குழந்தையின் குறிப்பறிந்து நடப்பது கூடியது, ஒட்டுதலும் பலப்பட்டது. மூன்றே வீடியோ அமர்வுகள். இத்தனை எளிய உதவி ஹோட்டல் அறைகளில் தவித்த எத்தனையோ குடும்பங்களுக்கு எட்டவில்லை என்பது வருத்தம்.

அனுபவமுள்ள பெற்றோரும் மருத்துவர்களும் சொல்லிவந்த நடைமுறை அறிவும் இதே திசையில்தான் இருக்கிறது. முதல் நாள்களில் ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதும் அம்மா அப்பா மட்டுமே. கூட வந்த பாட்டியோ பயணக் குழுவின் தோழியோ கொஞ்சலாம், ஆனால் சோறு கொடுக்கக் கூடாது. இல்லத்தில் போட்டுவிட்ட உடையை முதல் இரவே உருவிக் குப்பையில் போடக் கூடாது. அந்த வாசனை ஒன்றுதான் குழந்தையிடம் மிச்சம். பத்துப் பன்னிரண்டு தொட்டில் கிடந்த அறையில் தூங்கிப் பழகியதற்குத் தனிமையும் நிசப்தமும் பயம் தரும், ஆகவே பக்கத்தில் படுக்கவைக்கலாம். கஞ்சி குடித்துப் பழகிய வயிற்றுக்குக் கஞ்சியே கொடுக்கலாம். முகத்தைப் பார்க்க மறுக்கும் குழந்தையைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்துவதைவிட, கண்ணாடியின் முன் நின்று இருவருமாகப் பார்ப்பது எளிது. துணித் தூளியில் மார்போடு கட்டிக்கொண்டு ஷாமியானின் மர நிழலில் நடந்த பெற்றோர், சுற்றுலா வண்டியில் ஏறியவர்களைவிடக் குழந்தையின் நம்பிக்கையை அதிகம் சம்பாதித்தார்கள். ஒப்படைப்பு நாளன்று உறவினருக்கெல்லாம் வீடியோ அழைப்பு வைக்கும் ஆசையை அடக்குவதும் பெற்றோரின் வேலையில் சேரும்.

பெற்றோரில் ஒருவரிடம் மட்டும் குழந்தை ஒட்டிக்கொண்டு மற்றவரைக் கண்டாலே கத்துவது மிகப் பரவலான அனுபவம். பெரும்பாலும் அப்பாவிடம் ஒட்டாது. சில குழந்தைகள் நேர்மாறாக, அம்மாவை ஒதுக்கும். இல்லத்து ஆயாவை ஒத்த பெண்முகம் ஒருமுறை தன்னைக் கைவிட்டுப் போயிற்றே என்ற கணக்கு அதற்குள் ஓடுகிறதோ என்னவோ. பல ஆண்டு ஏங்கிக் காத்திருந்து வந்த பெண்ணுக்கு இது எப்படி வலிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தத்தெடுத்த பிறகு வரும் மனச்சோர்வுக்கு 1990களில்தான் பெயரே கிடைத்தது. அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் கேரன் ஃபோலியின் ஆய்வுகள், எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் இடையிலுள்ள தூரமே அதன் முக்கிய ஊற்று என்று காட்டின. பார்த்த கணத்தில் பாசம் பொங்கும் என்று நம்பிப் போனவர்களுக்கு, ஹோட்டல் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது வெளியே சொல்ல முடியாத குற்றமாயிற்று. தாய்க்கும் ஒட்டுதல் வர நாளாகும். அது குறையன்று, அதை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பிய தத்தெடுப்பு முகமைகளிடம்தான் குறை.

சற்று வளர்ந்த குழந்தையின் கதை இன்னும் கடினம். ஸ்டெஃபனி வாங்-பிரீல் இயக்கி 2010இல் வெளிவந்த ‘வோ ஐ நீ மம்மி’ என்ற ஆவணப்படம், குவாங்சோவைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமியொருத்தி நியூயார்க் அருகே ஒரு குடும்பத்துக்குப் போவதைக் கூடவே இருந்து பதிவு செய்கிறது. அவளுக்கு அதுவரை ஒரு வளர்ப்புக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு மனிதர்களை அவள் ‘முன்னாள்’ என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. புதிய அம்மாவின் பேச்சு ஒரு சொல்லும் புரியாது. சந்தித்த முதல் நாள்களிலேயே ஆங்கிலச் சொற்களைக் கற்கச் சொல்கிறார்கள். படம் முடிவதற்குள் அவள் வேறொருத்தியாகிவிடுகிறாள். தாய்மொழி நாவிலிருந்து நழுவியிருக்கிறது. கெட்டவர் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. ஆனாலும் பார்க்க மனம் கனக்கிறது.

மொழி எவ்வளவு முழுதாக நழுவுகிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. மூன்று முதல் எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துப்போய் வளர்ந்தவர்களை 2003இல் பாரிஸ் ஆய்வாளர்கள் சோதித்தபோது, கொரிய வாக்கியங்களை அவர்களால் வேறு அயல்மொழிகளிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. போனது போனதுதான் என்று தோன்றியது. 2014இல் மான்ட்ரியால் ஆய்வொன்று மறுபக்கத்தைக் காட்டியது. ஏறத்தாழ ஒரு வயதில் சீனாவிலிருந்து வந்து பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகளுக்குச் சீன மொழியின் தொனிகளைக் கேட்கவைத்தார்கள். பொருள் ஒன்றும் தெரியாவிட்டாலும், சீனமொழி பேசுவோரின் மூளை வேலை செய்யும் அதே இடத்தில் அவர்கள் மூளையும் வேலை செய்தது. ஆகவே, புறப்படுமுன் ‘பசிக்கிறதா’, ‘வலிக்கிறதா’, ‘அம்மா இங்கேதான் இருக்கிறேன்’ என்று நான்கைந்து வாக்கியங்களை, குழந்தையின் வட்டார வழக்கிலேயே, கற்றுக்கொண்டு போவது நாகரிகத்துக்காகச் செய்யும் சடங்கு அல்ல. அந்த ஒலிகள் குழந்தையின் உடம்புக்குள்ளே இருப்பவை.

சீனா ஒரு நாள் இரவில் முடித்ததை வேறு நாடுகள் வேறு விதமாகச் செய்கின்றன. கொலம்பியாவில் குழந்தையை ஏற்றுக்கொண்ட குடும்பம், நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை சில வாரங்கள் அங்கேயே தங்க வேண்டும். குடும்பம் ஒட்டுகிறதா என்று நலத்துறையினர் வந்து பார்ப்பார்கள். ஹெய்ட்டியில் 2013இல் வந்த புதிய சட்டத்துக்குப் பிறகு, பெற்றோர் சுமார் இரண்டு வாரம் குழந்தையோடு அதன் இடத்திலேயே பழகி, அதை அரசு அதிகாரிகள் கவனித்த பிறகே அடுத்த படிக்கு நகர முடியும். இரண்டும் நல்ல ஏற்பாடு. குழந்தை தன் தட்பவெப்பம், தன் மொழி, தன் சோற்றோடு இருக்கும்போதே புதிய முகம் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது. எல்லாம் ஒரே நாளில் மாறுவதில்லை.

பல்கேரியாவில் இரண்டு பயணம். முதல் முறை குறைந்தது ஐந்து நாள் பழக வேண்டும். சில மாதம் கழித்து வந்து அழைத்துச் செல்லலாம். பெரியவர்களுக்கு அது காத்திருப்பு. மூன்று வயதுக் குழந்தைக்கு அது இன்னொரு முறை கைவிடப்படுவது. ரஷ்யாவிலும் நடைமுறை இப்படித்தான் இருந்தது. அங்கே அதன் விலை கொடூரமாயிற்று. 2012 டிசம்பர் 28 அன்று அமெரிக்கர்கள் ரஷ்யக் குழந்தைகளைத் தத்தெடுப்பதைத் தடைசெய்யும் சட்டம் கையெழுத்தாகி, அடுத்த சில நாளில் அமலுக்கு வந்தது. முதல் பயணம் வந்து, குழந்தையோடு விளையாடி, ‘திரும்ப வருவோம்’ என்று சொல்லிப் போனவர்களுக்கும் விதிவிலக்கு இல்லை. 45 அமெரிக்கர்கள் தொடுத்த வழக்கில், இது குடியுரிமையை வைத்துக் காட்டிய பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2017 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதற்குள் நான்கு ஆண்டு கடந்திருந்தது. சீனாவிலும் பெருந்தொற்றினால் 2020இல் பயணங்கள் நின்றபோது, புகைப்படமும் பெயரும் கைமாறிய நூற்றுக்கணக்கான குழந்தை-குடும்ப இணைகள் அந்தரத்தில் நின்றன. 2024 அறிவிப்போடு அவை கலைந்தன. புதிய அப்பா அம்மாவின் படங்கள் அடங்கிய ஆல்பத்தைக் காட்டி, ‘வருவார்கள்’ என்று ஆயாக்கள் சொல்லிக்கொண்டிருந்த குழந்தைகள் அவர்களில் உண்டு.

தென்கொரியாவின் பாதை தனி. 1955இல் ஹாரி, பெர்த்தா ஹோல்ட் தம்பதியர் எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்ததில் வேகமெடுத்த அந்த ஏற்பாட்டில், பல பத்தாண்டுக் காலம் பெற்றோர் பயணமே போகவில்லை. துணைக்கு வரும் ஒருவர் குழந்தைகளை விமானத்தில் கொண்டுவந்து விமான நிலையத்தில் கொடுப்பார். 2012இல் சட்டம் மாறிய பிறகுதான் பெற்றோர் கொரியக் குடும்ப நீதிமன்றத்தில் நேரில் நிற்க வேண்டியதாயிற்று. அங்கே குழந்தைகள் பெரும்பாலும் வளர்ப்புத் தாயின் முதுகில் துணியால் கட்டப்பட்டு, தரையில் அவரோடு படுத்துறங்கி வளர்ந்தவர்கள். விடைபெறும்போது வளர்ப்புத் தாய் அழுவார், குழந்தை கதறும். அமெரிக்கா போய் வாரக்கணக்கில் வாசலைப் பார்க்கும். நன்றாக வளர்க்கப்பட்ட குழந்தையின் துக்கம் அது. அதை அடக்காமல் இடம் கொடுத்த வீடுகளில் அது ஆறிற்று.

சீனக் காப்பகங்களிலும் இப்படி ஒருவரை ஏற்படுத்த முடியும் என்று நம்பியவர் ஜென்னி போவன். 1997இல் குவாங்சோவிலிருந்து ஒரு மகளைத் தத்தெடுத்த இந்தத் திரைத்துறைப் பெண், வீட்டில் ஓராண்டுக்குள் அவள் மலர்ந்ததைப் பார்த்து, இந்த அன்பை உள்ளேயே கொடுத்தால் என்ன என்று கேட்டு 1998இல் ‘ஹாஃப் த ஸ்கை’ அமைப்பைத் தொடங்கினார். உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து, ஒவ்வொருவரும் சில குழந்தைகளை மட்டும், மாறாமல், தாய்போலப் பார்க்கவைத்தார்கள். இப்படி வளர்ந்த குழந்தை ஒப்படைப்பு நாளில் அதிகம் அழத்தான் செய்யும். அந்த அழுகைக்காக உழைத்தார்கள் என்றே சொல்லலாம்.

இத்தனையும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: அந்தக் குழந்தைக்கு உண்மையிலேயே வேறு போக்கிடம் இல்லை என்பது. அந்த அனுமானம் பல இடங்களில் பொய்த்திருக்கிறது. 2005இல் ஹுனானின் ஹெங்யாங் பகுதிக் காப்பகங்கள் காசு கொடுத்துக் குழந்தைகளை வாங்கியது வெளியாயிற்று. அதே மாகாணத்தின் ஷாவ்யாங்கில் குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வீடு புகுந்து குழந்தைகளை எடுத்துச் சென்றதை 2011இல் சீனப் பத்திரிகையான சாய்சின் எழுதியது. இலங்கையிலிருந்து 1970, 80களில் ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் ஏறத்தாழ 11,000 பேர். அவர்களில் பலருக்குப் போலி ஆவணங்கள். தாய் என்று ஹோட்டலிலும் நீதிமன்றத்திலும் வந்து நின்ற பெண் பல வேளைகளில் கூலிக்கு வந்தவர். நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான ஸெம்ப்லா 2017இல் இதை அம்பலப்படுத்தியபோது, அன்றைய இலங்கை சுகாதார அமைச்சரும் ஒப்புக்கொண்டார். கொழும்பில் குழந்தையைக் கையில் வாங்கிய ஐரோப்பியத் தம்பதியர், எதிரே நின்ற பெண்ணின் கண்ணீரையோ கண்ணீரின்மையையோ வைத்து எதை அறிந்திருக்க முடியும்? கேள்வி கேட்கும் தெம்பே இல்லாத அளவுக்கு மகிழ்ச்சியும் பதற்றமும் நிறைந்த நாள்கள் அவை. அந்தப் பலவீனத்தைத்தான் தரகர்கள் பயன்படுத்தினார்கள்.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. 2005இல் காவல்துறை பிடித்த குழந்தைக் கடத்தல் கும்பல், வட சென்னையின் ஏழைத் தெருக்களிலிருந்து திருடிய குழந்தைகளை மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற தத்தெடுப்பு நிறுவனத்திடம் சேர்த்திருந்தது. அந்தக் குழந்தைகளில் சிலர் வெளிநாடு போயிருந்தார்கள். புளியந்தோப்பில் தாயருகே தூங்கும்போது களவுபோன ஒரு குழந்தை நெதர்லாந்தில் இருப்பதாகத் தெரிந்து பெற்றோர் அங்கே வழக்குத் தொடுத்தார்கள். சிறுவனின் நலனைக் காரணம் காட்டி, டிஎன்ஏ சோதனைக்கு உத்தரவிட 2010இல் அங்குள்ள நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவன் அதற்குள் அந்தக் குடும்பத்தில் ஊன்றிவிட்டான். ஒட்டுதல் என்பது எவ்வளவு உண்மையானது என்பதற்கும், அந்த உண்மையை யார் யாரெல்லாம் கேடயமாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கும் இதைவிடக் கசப்பான சான்று இல்லை.

ஆகவே அந்த இரண்டு வாரத்தில் பெற்றோருக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. ஆயாவின் பெயர், குழந்தை கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லும் இடம், நாளிதழில் வந்த அறிவிப்பு, கூட வந்த சட்டையின் துண்டு, எந்தப் பாட்டுக்குத் தூங்கும், எந்தப் பக்கம் படுக்கும் என்பது வரை எழுதிக்கொள்வது. முடிந்தால் இல்லத்துக்கே போய்ப் பார்ப்பது. சீனாவுக்குப் போன பெற்றோரில் முன்யோசனை உள்ளவர்கள், பயணத்துக்கு மாதங்கள் முன்பே ஒரு பொம்மையோடு ஒருமுறை பயன்படுத்தும் கேமராவையும் அனுப்பி, ஆயாக்களைப் படமெடுக்கச் சொன்னார்கள். அந்தச் சுருளில் விழுந்த பத்திருபது படங்கள்தான் பல குழந்தைகளின் முதல் ஆண்டுக்கு இருக்கும் ஒரே சாட்சி. இன்று அந்தக் குழந்தைகள் இருபதைத் தாண்டியவர்கள். நான்சாங் புராஜெக்ட் போன்ற தன்னார்வக் குழுக்களின் துணையோடு பெற்றவர்களைத் தேடும்போது, டிஎன்ஏ முடிவுக்கு அடுத்தபடியாகக் கைகொடுப்பவை இந்தக் குறிப்புகளே. பெற்றவர் கிடைக்காவிட்டாலும் பலர் ஆயாவையோ வளர்ப்புத் தாயையோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சீனா மூடிக்கொண்டாலும் இந்தப் பயணம் நிற்கவில்லை. இந்தியாவில் 2024-25இல் நடந்த 4,515 தத்தெடுப்புகளில் 4,155 உள்நாட்டில். மற்றக் குழந்தைகள் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் போனார்கள். இப்படிப் போகிறவர்களில் வயதில் மூத்தவர்களும் சிகிச்சை தேவைப்படுகிறவர்களும் அதிகம். மாவட்ட ஆட்சியரின் ஆணை, மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் தடையின்மைச் சான்று, பாஸ்போர்ட், விசா என்று தாள்களின் வரிசை இங்கேயும் நீளம். அந்த வரிசைக்குள் ஒரே ஒரு விதியைச் சேர்ப்பது நிர்வாகத்துக்குப் பெரிய செலவு வைக்காது: பெற்றோர் ஒரு வாரம் முன்பே இல்லத்துக்கு வரட்டும், முதல் சில நாள் ஆயா ஊட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், பிறகு ஆயா பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவர்கள் ஊட்டட்டும், குழந்தையை அழைத்துச் செல்லும் நாளில் ஆயாவும் வாசல்வரை வந்து, போய்வா என்று அதன் மொழியில் சொல்லி அனுப்பட்டும்.